ஆம்புலன்ஸ் அறையில் பி.எஃப். எண் இல்லாத ஒருவர்

ஓசூர் சிப்காட்டில் 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலை எதுவானாலும் உள்ளே ஓர் ஆம்புலன்ஸ் அறை இருந்தாக வேண்டும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு இட்ட கட்டளை அது. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்திருக்கும் புதிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அதை விடவில்லை. அந்த அறைக்குள் ஒரு நாளில் வந்துபோகிறவர்களை எண்ணிப் பாருங்கள். பிரஸ் ஷாப்பில் விரல் நசுங்கிய ஆபரேட்டர், கேன்டீனில் எண்ணெய் தெறித்த சமையல்காரர், லாரியில் பெட்டி ஏற்றும் கான்ட்ராக்ட் தொழிலாளி, வாசலில் நிற்கும் செக்யூரிட்டி. இவர்களில் பெரும்பாலோருக்கு வருங்கால வைப்பு நிதியின் யூஏஎன் எண் உண்டு. கான்ட்ராக்டர் பணம் கட்டத் தவறினால் ஆலை முதலாளியே கட்ட வேண்டும் என்று சட்டம் அவர்களுக்கு ஒரு காவலும் வைத்திருக்கிறது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து மருந்துச் சீட்டு எழுதுகிறவருக்கு மட்டும் பல இடங்களில் அந்த எண் இல்லை. அவர் ஆலையின் ஆள் இல்லை. நாளுக்கு இரண்டு மணி நேரம், மாதத்துக்கு இவ்வளவு என்று ரிட்டெய்னர் பேசி வருகிற டாக்டர். மாலையில் அவர் ஒரு நர்சிங் ஹோமில் ஓபி பார்ப்பார். வாரத்தில் இரண்டு இரவு இன்னொரு மருத்துவமனையில் நைட் டூட்டி. மூன்று இடத்திலிருந்தும் பணம் வரும். மூன்று இடத்துக்கும் அவர் வெளியாள்.

இப்படிப்பட்ட மருத்துவர்களின் முதுமைக் காலத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அது முதலீட்டு ஆலோசனையாகவே முடிந்துவிடுகிறது. எந்த ஃபண்டில் போடலாம், எந்த பாலிசி நல்லது, என்.பி.எஸ்.ஸா பி.பி.எஃபா என்று. கேள்வி அங்கே இல்லை என்பது என் வாதம். பணத்தைப் போட்டுவைக்க இந்தியாவில் திட்டங்களுக்குப் பஞ்சம் இல்லை, டூட்டி டாக்டரின் வருமானமும் அவ்வளவு மோசம் இல்லை. கைக்கு வருவதற்கு முன்பே ஒரு பங்கை எடுத்து ஒதுக்கிவைக்கும் ஓர் இடம் அவருடைய வாழ்க்கையில் இல்லை, அவ்வளவுதான். சம்பளக்காரருக்கு அந்த இடம் தானாக அமைகிறது. சேமிக்கும் மனசு அவருக்கு இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. சம்பளச் சீட்டில் ஒரு வரியாக அது கழிந்துவிடுகிறது. டூட்டி டாக்டரோ ஒவ்வொரு மாதமும் புதிதாக முடிவெடுத்துச் சேமிக்க வேண்டியிருக்கிறது. முப்பது வருஷம், மாதா மாதம், யாரும் கேட்காமல் ஒழுங்காக இருப்பது மனித சுபாவத்தில் கிடையாது.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் இத்தகைய மருத்துவர்கள் பெருகியதற்குக் காரணங்கள் கண்முன்னே இருக்கின்றன. 1970களில் சிப்காட் உருவாகி, டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் என்று ஆலைகள் வந்தன. அண்மையில் டாடா எலெக்ட்ரானிக்சும் போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா எலெக்ட்ரிக்கும் சேர்ந்துகொண்டன. 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூர் 2019இல் மாநகராட்சியானது. ஊர் வளர்ந்த வேகத்துக்கு நிரந்தரப் பணியிடங்கள் வளரவில்லை. நடுத்தர மருத்துவமனை ஒன்று இருபத்துநான்கு மணி நேரமும் கேஷுவாலிட்டியைத் திறந்து வைக்க வேண்டுமானால் அதற்கு ஷிஃப்டு டாக்டர்கள் வேண்டும். ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே தேசிய நெடுஞ்சாலையில் நடக்கும் விபத்துகள் ராத்திரி பகல் பார்ப்பதில்லை. பெங்களூர் 40 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால் சிறப்பு மருத்துவர்கள் அங்கிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். இங்குள்ள எம்.பி.பி.எஸ். டாக்டர் மாநில எல்லையிலுள்ள ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளியிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ டூட்டிக்குப் போகிறார். ஆள் வரத்துக்கும் குறைவில்லை. 2014க்கு முன் நாடு முழுவதும் 51,348 ஆக இருந்த எம்.பி.பி.எஸ். இடங்கள் இப்போது ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. கிருஷ்ணகிரியிலேயே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. படித்து வெளியே வருகிறவர்களில் பலருக்கும் முதல் வேலை ஷிஃப்டு டூட்டிதான். முதுநிலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே ஒரு வருஷம் என்று நினைத்து நுழைகிறார்கள். சிலருக்கு அதுவே இருபது வருஷமாகிவிடுகிறது.

சட்டத்தின் கண்ணில் இவர் யார்? வருமான வரித்துறையைப் பொறுத்தவரை பதில் லேசானது. பழைய 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 192ஆம் பிரிவில் பிடித்தால் சம்பளம், 194ஜே பிரிவில் பிடித்தால் தொழில் கட்டணம். மருத்துவமனைகள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் விரும்புகின்றன. வரித்துறை சில இடங்களில் மறுத்து, இவர்கள் ஊழியர்களே என்று வழக்காடியது. மணிப்பால் ஹெல்த் சிஸ்டம்ஸ் வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றமும், புணேயின் ரூபி ஹால் மருத்துவமனையை நடத்தும் கிராண்ட் மெடிக்கல் ஃபவுண்டேஷன் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றமும் 2015இல் ஒப்பந்தங்களைப் படித்துப் பார்த்து, கன்சல்டன்ட் மருத்துவர்கள் ஊழியர்கள் அல்லர் என்றன. வேலையை மேற்பார்வையிட்டுக் கட்டுப்படுத்துவது யார் என்று பார்க்க வேண்டும் என்பது 1956இல் தாரங்கத்ரா கெமிக்கல் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல். அதை வைத்துப் பார்த்தால், சொந்த நோயாளிகளோடு வருகிற மூத்த சர்ஜன் சுயதொழிலர்தான், சந்தேகமில்லை. ஆனால் ரோஸ்டரில் பெயர் எழுதி, பயோமெட்ரிக்கில் விரல் வைத்து, இரவு எட்டு முதல் காலை எட்டு வரை இருக்க வேண்டும், இடையில் போகக்கூடாது என்று நிற்கவைக்கப்படும் டூட்டி டாக்டரையும் அதே பெட்டியில் போடுவது, என்னைக் கேட்டால், கணக்குப் புத்தகத்தின் வசதிக்காக மட்டுமே.

அப்படியானால் எல்லோரையும் ஊழியராக்கிவிட்டால் போதுமே என்று ஒருவர் கேட்கலாம். தொழிற்சங்க அனுபவம் உள்ளவர்களுக்கு முதலில் தோன்றும் தீர்வு அதுதான். அது பாதிக் கிணறுகூடத் தாண்டாது. வருங்கால வைப்பு நிதியில் கட்டாயச் சேர்க்கைக்கான சம்பள வரம்பு 2014 செப்டம்பரிலிருந்து மாதம் 15,000 ரூபாய். முன்பு உறுப்பினராக இல்லாத ஒருவர் அதற்கு மேல் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தால் அவரை விட்டுவிட நிறுவனத்துக்குச் சட்டமே இடம் தருகிறது. எந்த டாக்டரும் 15,000 ரூபாய்க்குச் சேர்வதில்லை. விடாமல் சேர்த்துக்கொண்டாலும் அப்படிப் புதிதாகச் சேர்கிறவருக்கு ஓய்வூதியத் திட்டத்தில் இடமில்லை; அதில் இருக்கும் பழைய உறுப்பினருக்கே கணக்கு அந்த 15,000இல்தான் நிற்கும். 35 வருஷம் பணி செய்தவருக்கு 15,000ஐ 35ஆல் பெருக்கி 70ஆல் வகுத்தால் மாதம் 7,500 ரூபாய். பணிக்கொடைக்கோ 1972ஆம் ஆண்டுச் சட்டம் ஒரே இடத்தில் ஐந்து வருஷம் கேட்டது. புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, குறித்த காலத்துக்கு அமர்த்தப்பட்ட ஊழியருக்கு அதை ஒரு வருஷமாகக் குறைத்திருக்கிறது, நல்ல மாற்றம். எட்டு மாதத்துக்கு ஒரு மருத்துவமனை மாறுகிறவருக்கு அதுவும் எட்டாது. ஆகவே ஊழியரா சுயதொழிலரா என்ற வழக்கை வென்றால் முதுமை பாதுகாப்பாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கக் கூடாது.

கணக்குக்கு வருவோம். மாதம் 1,20,000 ரூபாய் கட்டணம் பெறும் ஒரு டாக்டரை வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 14,40,000. கொடுக்கிறவர்கள் முறையாகக் கணக்கு வைத்தால் பத்து சதவீதம் டி.டி.எஸ். போகும், அதாவது 1,44,000. பழைய சட்டத்தில் 44ஏடிஏ பிரிவாக இருந்த ஏற்பாட்டின்படி அவர் வரவில் பாதியை லாபமாகக் காட்டலாம், 7,20,000. புதிய வரிமுறையில் 2025-26 நிதியாண்டிலிருந்து 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரி விழாது. வேறு வருமானம் இல்லையென்றால் அவர் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். பிடித்த 1,44,000 முழுவதும் ரீஃபண்டாகத் திரும்பி வருகிறது. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஓசூரின் மூன்று மருத்துவமனையானாலும் எல்லை தாண்டிய ஒரு மருத்துவமனையானாலும், எங்கே ஷிஃப்டு பார்த்தாலும், பணம் கைக்கு வருவதற்கு முன் பத்தில் ஒரு பங்கு எடுக்கப்பட்டு, பான் எண்ணில் பதிவாகி, ஒரே இடத்தில் சேர்ந்து, வருஷக் கடைசியில் மொத்தமாக நிற்கிறது. சேமிப்புக்கு இல்லை என்று சொன்னோமே அந்த இடம், வரிக்காக ஏற்கெனவே கட்டப்பட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. பிடித்த பணத்தை வட்டியோடு திருப்பித் தருவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. ரீஃபண்டு வந்த மாதம் வீட்டில் ஒரு பெரிய டி.வி. வரும், அல்லது காருக்கு டவுன் பேமென்ட் ஆகும்.

அதே 1,20,000 ரூபாயைச் சம்பளமாக வாங்குகிறவரை ஒப்பிடுங்கள். அடிப்படைச் சம்பளம் பாதி, 60,000 என்றால், முழு அடிப்படைக்கும் பி.எஃப். கட்டும் நிறுவனத்தில் இரு தரப்பும் சேர்ந்து மாதம் 14,400 ரூபாய் போடுகிறார்கள், வருஷத்துக்கு 1,72,800. பணிக்கொடைக்காக வருஷத்துக்கு 15 நாள் ஊதியம், இந்த அடிப்படைக்கு ஏறத்தாழ 34,600 ரூபாய், தனியே சேர்கிறது. ஆக வருஷம் இரண்டு லட்சத்துக்கு மேல் அவர் யோசிக்காமலே ஒதுங்குகிறது. அரசு மருத்துவரை இந்த ஒப்பீட்டில் இழுக்கவே வேண்டியதில்லை. 2025 ஏப்ரல் முதல் மத்திய அரசு ஊழியர்களுக்கு ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் வந்துவிட்டது. தமிழ்நாட்டிலும் 2003க்குப் பின் சேர்ந்தவர்களின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, 2026 ஜனவரியில் கடைசி ஊதியத்தில் பாதியை உறுதி செய்யும் திட்டத்தை அரசு அறிவித்தது. டூட்டி டாக்டர் நின்ற இடத்திலேயே நிற்கிறார்.

ரீஃபண்டை மட்டும் ஒழுங்காகச் சேர்த்தால் போதுமா என்றால், போதாது. ஒவ்வொரு வருஷமும் 1,44,000 ரூபாயை 7.1 சதவீத வட்டியில், அதாவது பி.பி.எஃப். இப்போது தரும் வீதத்தில், 30 வருஷம் போட்டால் சுமார் 1 கோடியே 40 லட்சம் ஆகும். கேட்கப் பெரிய தொகை. விலைவாசி வருஷம் 6 சதவீதம் ஏறுவதாக வைத்தால் 30 வருஷத்தில் எல்லாம் ஐந்தே முக்கால் மடங்கு ஆகிவிடும். அந்த 1 கோடியே 40 லட்சத்தின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 24 லட்சம். இன்றைக்கு மாதம் 50,000 ரூபாயில் நடக்கும் வீட்டுக்கு அன்றைக்கு 2,87,000 வேண்டும். ஆகவே பத்து சதவீதம் தொடக்கம் மட்டுமே. கட்டணம் உயர உயர ஒதுக்கும் தொகையும் உயர வேண்டும், அதில் ஒரு பகுதி பங்குச் சந்தை சார்ந்த முதலீட்டுக்குப் போக வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சீக்கிரம் தொடங்க வேண்டும். 10 சதவீத வளர்ச்சி கிடைக்கும் என்று வைத்து மாதம் 25,000 ரூபாய் போடுகிறவர், 30 வயதில் தொடங்கினால் 60இல் ஐந்தரைக் கோடிக்கு மேல் பார்ப்பார். 40இல் தொடங்கினால் 1 கோடியே 90 லட்சம். மருத்துவரின் சிக்கலே இந்தப் பத்து வருஷம்தான். எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருஷம், முதுநிலை மூன்று வருஷம், நடுவே நுழைவுத் தேர்வுக்கு ஒன்றிரண்டு வருஷம், அதன் பிறகு கல்விக் கடன், கல்யாணம். கூடப் படித்து ஐ.டி. வேலைக்குப் போனவர் பி.எஃபில் பத்து வருஷம் சேர்த்த பிறகே இவர் முதல் தவணையைப் பற்றி யோசிக்கிறார்.

இந்தப் பகுதியில் ஓய்வுக்காலத் திட்டம் என்றால் நடைமுறையில் ஒரே பெயர்தான்: சைட். பெங்களூர்ப் பேச்சு வழக்கில் மனையைச் சைட் என்பார்கள். ஓசூரிலும் அதுவே நிலைத்துவிட்டது. பாகலூர் ரோட்டில் ஒன்று, மத்திகிரிப் பக்கம் ஒன்று, சூளகிரியில் ஒன்று என்று வாங்கிப் போடுகிற டாக்டரைக் குற்றம் சொல்ல முடியாது. கடந்த முப்பது வருஷம் அவர்கள் பக்கமே பேசியிருக்கிறது. 2024 ஜூனில் ஓசூரில் 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் என்று சட்டப்பேரவையில் அறிவிப்பு வந்தபின், இருக்கும் சைட்டை விற்க நினைத்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். நிலத்தின் மீதான இந்த நம்பிக்கையை மூடத்தனம் என்று முதலீட்டு ஆலோசகர்கள் சொல்லும்போது எனக்கு உடன்பாடில்லை. நிலம் ஒரு விதத்தில் அவர்கள் தேடும் அதே பூட்டைத்தான் தருகிறது. மாதத் தவணை கட்டாயம், கையை வைத்து எடுக்க முடியாது, ஆகவே சேமிப்பு நடக்கிறது. பி.எஃப். செய்கிற வேலையை ஒரு வங்கிக் கடன் செய்கிறது. தொல்லை பின்னால், சேர்த்ததைச் சாப்பிட வேண்டிய நாளில் வருகிறது. வெறும் மனை மாத வருமானம் தராது. மருத்துவச் செலவுக்கு நாலு லட்சம் வேண்டுமென்றால் 1,200 சதுர அடியில் ஒரு மூலையை வெட்டி விற்க முடியாது. அவசரத்துக்கு விற்கிறவருக்கு ஊர் விலை கிடைக்காது. டி.டி.சி.பி. அனுமதி இல்லாத மனை, பட்டா மாறாத நிலம், வேலி நகர்ந்துபோன எல்லை இவையெல்லாம் 35 வயதில் ஓடி முடிக்கிற வேலை. 70 வயதில் தாலுகா ஆபீஸ் படியேறுவது வேறு. இன்னொன்றும் உண்டு. அவருடைய வருமானமும் அவருடைய சொத்தும் ஒரே ஊரின் தொழில் வளர்ச்சியை நம்பியிருக்கின்றன. ஆலைகள் மந்தமானால் டூட்டியும் குறையும், சைட்டின் விலையும் படுக்கும், அதுவும் ஒரே நேரத்தில். ஒரு சைட் வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது சைட்டுக்குப் போகும் பணம் வேறு வழியில் போக வேண்டும்.

அந்த வேறு வழிகளைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அடல் பென்ஷன் யோஜனா டாக்டருக்கு உதவாது. 2022 அக்டோபரிலிருந்து வருமான வரி செலுத்துகிறவர்கள் அதில் சேர முடியாது, வரி விழாதவர் சேர்ந்தாலும் மாதம் 5,000 ரூபாய்தான் உச்சம். பி.பி.எஃபில் வருஷ வரம்பு 1,50,000. அதிலுள்ள பணத்தைக் கடனுக்காக நீதிமன்றம் ஜப்தி செய்ய முடியாது என்பது மருத்துவத் தொழிலில் சாதாரண வசதி அல்ல. 1995இல் வி.பி. சாந்தா வழக்கின் தீர்ப்போடு மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வந்துவிட்டது. சொந்தப் பாதுகாப்பு பாலிசி எடுக்காத டூட்டி டாக்டர், நஷ்டஈடு கேட்டு நோட்டீஸ் வரும்போதுதான் மருத்துவமனையின் பாலிசியில் தன் பெயர் இருக்கிறதா என்று தேடுகிறார். என்.பி.எஸ். 2009 மே முதல் எல்லாக் குடிமக்களுக்கும் திறந்திருக்கிறது. வேலை மாறினாலும் ஊர் மாறினாலும் அதற்கு ஒரே கணக்கு எண், பிரான். அதில் ஓர் ஓரவஞ்சனை இருப்பதை மட்டும் சொல்லியாக வேண்டும். புதிய வரிமுறையில் சம்பளக்காரருக்காக முதலாளி போடும் தொகைக்கு, ஊதியத்தில் 14 சதவீதம் வரை, வரிக்கழிவு உண்டு. சுயதொழிலர் தன் கைக்காசைப் போட்டால் அதே முறையில் ஒரு ரூபாய்க்கும் கழிவில்லை. முதலாளி இருப்பவருக்குச் சலுகையும் உண்டு, இல்லாதவருக்கு இரண்டும் இல்லை என்று சட்டம் எழுதப்பட்டிருக்கிறது.

டாக்டருக்கும் பணம் தானாக ஒதுங்கும் ஓர் ஏற்பாடு வேண்டும் என்பதற்கு வரும் மறுப்புகளை இனிப் பார்ப்போம். டாக்டருக்கு ஏது ஓய்வு, கண்ணும் கையும் ஓடுகிறவரை பார்க்கலாமே என்பது அடிக்கடி கேட்கிற ஒன்று. சொந்த கிளினிக் வைத்திருக்கும் குடும்ப மருத்துவருக்கு அது பொருந்தும். 75 வயதிலும் காலை இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் பேரன் பேத்தியோடு பழைய நோயாளிகள் வருவார்கள்; போதும் என்று தோன்றினால் போர்டையும் இடத்தையும் மகளுக்கோ இளையவர் ஒருவருக்கோ கைமாற்றலாம். டூட்டி டாக்டருக்கு அந்தச் சொத்து சேர்வதில்லை. இருபது வருஷத்தில் ஆயிரக்கணக்கானவர்களைப் பார்த்திருப்பார். அவர்கள் அத்தனை பேரும் மருத்துவமனையின் நோயாளிகள். ரசீதில் மருத்துவமனையின் பெயர்தான் இருக்கும். வேலையின் தன்மையும் வயதோடு ஒத்துப்போகாது. விபத்துக் கேஸ் வரும் கேஷுவாலிட்டியில் விடிய விடிய நிற்பது 30 வயதின் வேலை. இவருக்கு 55 வயதாகும்போது, அதே கட்டணத்துக்குத் தூக்கம் தேவைப்படாத 26 வயதுக்காரர் வரிசையில் நிற்கும்போது மருத்துவமனை யாரைக் கூப்பிடும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. ஆலை ரிட்டெய்னர் கொஞ்சம் நீடிக்கும். தொழில்வழி நோய்களுக்கான ஏ.எஃப்.ஐ.எச். படிப்பை மூன்று மாதம் முடித்து வைத்திருப்பவருக்கு இங்கே கிராக்கி உண்டு. அதுவும் அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு ஏஜென்சி குறைந்த விலை சொன்னால் முடிந்தது.

இரண்டாவது மறுப்பு கனமானது. லட்ச ரூபாய்க்கு மேல் வாங்குகிறவருக்கு எதற்குக் கட்டாயத் திட்டம், அவரே பார்த்துக்கொள்ள மாட்டாரா. தவிர, மருத்துவமனை மேல் பங்கு சுமத்தினால் அது கட்டணத்தில் கழித்துவிடும், கடைசியில் டாக்டரே தன் பணத்தைக் கட்டியதாக ஆகும். இதில் பின்பாதி பெருமளவு உண்மை. ஆள் வரத்து கூடிக்கொண்டிருக்கும் சந்தையில் பங்கு யார் தலையில் விழும் என்பது தெரிந்ததே. ஆனாலும் டாக்டரே கட்டியதாக ஆனாலும் நஷ்டமில்லை என்பேன். பத்து ரூபாய் கைக்கு வந்து செலவாவதற்கும் எட்டரை ரூபாய் கைக்கும் ஒன்றரை ரூபாய் முதுமைக் கணக்குக்கும் போவதற்கும் முப்பது வருஷத்தில் வரும் வித்தியாசத்தை மேலே பார்த்தோம். முன்பாதிக்குப் பதில், டூட்டி டாக்டரின் லட்சம் சம்பளக்காரரின் லட்சம் அல்ல என்பது. வேலை பார்க்காத நாளுக்குப் பணம் கிடையாது. டெங்கு வந்தால் அவருக்குச் சிக் லீவ் இல்லை. பெண் மருத்துவர்களுக்கு இது இரட்டிப்பு அடி. ஆலையில் தன்னிடம் பரிசோதனைக்கு வரும் கர்ப்பிணித் தொழிலாளிக்குச் சட்டம் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு தருகிறது. பரிசோதிக்கும் கன்சல்டன்ட் டாக்டர் பிரசவத்துக்குப் போனால் ரோஸ்டரில் வேறு பெயர் எழுதப்படும். குழந்தை வளர்ப்புக்காக மூன்று, நான்கு வருஷம் விட்டுப்போகும் சேமிப்பு, கூட்டு வட்டி அதிகம் வேலை செய்யும் ஆரம்ப வருஷங்களில்தான் விட்டுப்போகிறது.

மற்ற இடங்களில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். பிரிட்டனில் ஒரு கிளினிக்கில் சில நாள் மாற்று மருத்துவராகப் பணி செய்யும் லோக்கம் ஜி.பி., சுயதொழிலராக இருந்துகொண்டே தேசிய சுகாதாரச் சேவையின் ஓய்வூதியத்தில் சேரலாம். கட்டணத்தில் 90 சதவீதம் ஓய்வூதியத்துக்குரிய வருமானமாகக் கொள்ளப்படும். கிளினிக் தன் பங்கைக் கட்ட வேண்டும். பத்து வாரத்துக்குள் படிவம் அனுப்பினால் அந்த வேலை கணக்கில் ஏறும். ஏஜென்சி வழியாகப் போனால் ஏறாது, அது அங்குள்ள ஓட்டை. ஜெர்மனியின் பவேரியாவில் மருத்துவர்களுக்கான ஓய்வூதிய நிதி 1923இல், பண வீக்கம் எல்லோருடைய சேமிப்பையும் தின்றுகொண்டிருந்த வருஷத்தில் தொடங்கியது. நம் ஊரிலேயே வழக்கறிஞர்களைப் பாருங்கள். அவர்களும் முதலாளி இல்லாத சுயதொழிலர்கள்; 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாடு வழக்கறிஞர் நல நிதி உண்டு, வக்காலத்தில் ஒட்டும் ஸ்டாம்பு வழியே ஒவ்வொரு வழக்கிலிருந்தும் அதற்குத் துளி சேர்கிறது. கட்டுமானத் தொழிலாளருக்கு 1994இல் நல வாரியம் வந்தது. கட்டடச் செலவில் ஒரு சதவீதம் அதற்குப் போகிறது. அத்திப்பள்ளிக்கு அப்பால் 2025இல் கர்நாடகம் இயற்றிய சட்டப்படி, சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோகும் இளைஞனின் ஒவ்வொரு டெலிவரிக்கும் 1 முதல் 5 சதவீதம் வரை நலக் கட்டணத்தை அவனுடைய நிறுவனம் செலுத்த வேண்டும். அது அவனுக்கு நியாயமாகச் சேர வேண்டியது. அந்தப் பார்சல் வந்து சேரும் நைட் டூட்டி அறைக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை.

மாநில நல வாரியம் ஒன்று கேட்டுப் போராடலாமே என்றால், ஓசூரைப் பொறுத்தவரை அது சரிவராது. இந்த டாக்டரின் வாரம் இரண்டு மாநிலங்களில் கழிகிறது. தொழில் வரியையே எடுத்துக்கொள்ளுங்கள்: இங்கே மாநகராட்சி அரையாண்டுக்கு ஒருமுறை வாங்குகிறது, அங்கே மாநில அரசு வாங்குகிறது. சென்னையில் ஒரு வாரியமும் பெங்களூரில் ஒரு வாரியமும் வைத்து, ஒவ்வொன்றிலும் பாதித் தகுதியோடு அவரை நிறுத்தினால் எதிலும் முழுப் பலன் வராது. அவரோடு எல்லை கடந்து வருவது பான் எண்ணும் பிரான் எண்ணும்தான். ஏற்பாடும் அவற்றின் மேலேயே அமைய வேண்டும். டி.டி.எஸ். பிடிக்கும்போதே டாக்டர் விரும்பினால் இன்னும் பத்து சதவீதத்தை அவருடைய என்.பி.எஸ். கணக்குக்கு அனுப்ப ஒரு வசதி, கொடுக்கும் நிறுவனம் தன் பங்காக ஐந்து சதவீதம் சேர்த்தால் சம்பளக்காரருக்குரிய அதே வரிக்கழிவு, ரீஃபண்டை வங்கிக்கு அனுப்பாமல் நேரே ஓய்வூதியக் கணக்கில் போடச் சொல்ல ரிட்டர்ன் படிவத்தில் ஒரு கட்டம். புதிதாக அலுவலகம் கட்ட வேண்டியதில்லை. சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், சுயதொழில் செய்வோருக்கும் திட்டம் வகுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது; பயன்படுத்தத்தான் ஆள் வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத இருவர் உண்டு. ஒருவர், ஆலையின் ஹெச்.ஆர். மேலாளர். கேன்டீன் கான்ட்ராக்டில் பி.எஃப். செலான் நகல் இணைக்காமல் பில் பாஸ் ஆகாது என்று எழுதத் தெரிந்தவருக்கு, டாக்டரின் ரிட்டெய்னர் ஒப்பந்தத்தில் கட்டணத்துக்கு மேல் ஐந்து சதவீதம் அவருடைய பிரான் கணக்குக்கு என்று ஒரு வரி எழுதத் தெரியாதா? ஆலையின் செலவில் அது கண்ணுக்கே படாது. மற்றவர் டாக்டரே. ஒவ்வொரு கட்டணமும் வந்து விழும் கணக்கு ஒன்று, வீட்டுச் செலவுக் கணக்கு வேறொன்று என்று இரண்டு வைத்து, முதலாவதிலிருந்து மாதம் ஒரே தேதியில் ஐந்தில் ஒரு பங்கு தானாக வெளியேறும்படி ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால், தனக்குத் தானே முதலாளியாகிவிடலாம். மந்தமான மாதங்களுக்கு ஆறு மாதச் செலவை வங்கியில் வைத்துவிட்டுத்தான் இதைத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் வறட்சியிலேயே நின்றுபோகும். ரீஃபண்டு வரும் வாரத்தில் சைட் புரோக்கர் அழைத்தால், பேச்சை முடித்துவிட்டு முதலில் பி.பி.எஃப். கணக்கை நிரப்புங்கள். அதற்கு வருஷ வரம்பு 1,50,000. உங்கள் ரீஃபண்டு 1,44,000. கையிலிருந்து போட வேண்டியது ஆறாயிரம் ரூபாய்.